விரைவு சார்ஜர் எல்லா நிறுவனக் கார்களுக்கும் ஒன்றுபோல் வேலை செய்யுமா? சுங்கை சிப்புட் வட்டாரத்தாரின் கருத்து தேவை

செம்பனைச்சாலை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போகும் கூட்டரசுச் சாலையோரத்தில், கடைவரிசை ஒன்றின் முன்னால் அண்மையில் விரைவு சார்ஜர் ஒன்றை நிறுவியிருக்கிறார்கள். பலகையில் 120 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது. இரண்டு கன்கள், அதாவது கேபிளின் முனையில் காருக்குள் செருகும் பிடிகள், உண்டு. இரண்டுமே சிசிஎஸ்2 என்ற விரைவு மின்னூட்டப் பிளக் வகை. அதை நடத்தும் நிறுவனத்தின் பெயரை யாரும் இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். யார்மீதும் குறை சொல்ல இந்த இழையைத் திறக்கவில்லை. விஷயத்தைப் புரிந்துகொள்ளத்தான் திறக்கிறேன்.

அந்தச் சார்ஜரில், வேறு கார் எதுவும் இல்லாத நேரத்தில்கூட, பக்கத்து வீட்டுக்காரரின் டெஸ்லா மாடல் 3 ஏறக்குறைய 70 கிலோவாட்டைத் தாண்டுவதில்லை. என் மாமா மகனின் ஹியூண்டாய் ஐயோனிக் 5 அதே கன்னில் 110-க்கு மேல் வாங்குகிறது. தம்பியின் கார் பல நேரங்களில் தொடங்குவதே இல்லை. திரையில் தொடர்பு கிடைக்கவில்லை என்று வந்து நின்றுவிடுகிறது. நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் நிசான் லீஃப் காருக்கோ அந்தக் கன் பொருந்தவே பொருந்தாது.

இப்போது, பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர் தமது காலி நிலத்தில் இரண்டாவது சார்ஜரை வைக்க ஒரு நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார். எதைக் கேட்டு வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார். கோலாலம்பூரில் ஒரு சார்ஜர் ஒத்துவரவில்லை என்றால் அடுத்த தெருவுக்குப் போகலாம். இங்கே அப்படி முடியாது. ஆகவே தெரிந்தவர்கள் விளக்கமாகவே எழுதுங்கள்.

ஈப்போ_வடக்கு

ஐயா, நீங்கள் தேவைக்கு மேல் கவலைப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. மலேசியாவில் அதிகாரபூர்வமாக இப்போது விற்கப்படும் மின்சாரக் கார்களில் பெரும்பாலானவை சிசிஎஸ்2 பொருத்தப்பட்டே வருகின்றன. பிஒய்டி அட்டோ 3, புரோட்டோன் இ.மாஸ் 7, டெஸ்லா, ஐயோனிக் 5 ஆகிய அனைத்துக்கும் ஒரே பிளக்தான். அமெரிக்காவில் டெஸ்லாவுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று என்று பல ஆண்டுகள் இழுபறி இருந்தது; சீனா ஜிபி/டி என்ற தனி வகையை வைத்திருக்கிறது. நமக்கு அந்தச் சிக்கல் கிடையாது. மற்ற வேறுபாடுகள் எல்லாம் பேட்டரியின் சூட்டையும், அதில் ஏற்கெனவே எத்தனை விழுக்காடு மின்சாரம் இருக்கிறது என்பதையும் பொறுத்தவை. சிசிஎஸ்2 இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஆலை_சார்ஜ்மேன்

ஈப்போ நண்பர் சொன்னதில் பாதி சரி. பிளக்கின் வடிவம் ஒன்றாகிவிட்டது என்பது உண்மை; ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் இந்த வடிவத்தைத் தன் பொதுத் தரமாக்கியது, நாமும் அந்த வழியில் வந்தோம். ஆனால் வடிவம் ஒன்றாக இருப்பதாலேயே எல்லாக் கார்களும் ஒரே அளவு மின்சாரம் வாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நான் செம்பனை ஆலையில் மின்சாரத்தைக் கவனிக்கும் சார்ஜ்மேன் வேலை பார்க்கிறேன், எண்களோடு சொல்கிறேன்.

கிலோவாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து வருவது. சார்ஜரின் பலகையில் பெரிதாக எழுதியிருப்பது பெருக்கி வந்த விடை மட்டுமே. அந்த விடையை எட்ட எத்தனை ஆம்பியர் வேண்டும், கேபிள் எத்தனை ஆம்பியரைத் தாங்கும் என்பதைச் சார்ஜரின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டில்தான் பார்க்க முடியும். நீங்கள் சொல்லும் சார்ஜரின் தகட்டை நான் நேரில் போய்ப் படித்தேன். கன் ஒவ்வொன்றுக்கும் உச்ச மின்னோட்டம் 200 ஆம்பியர்; வெளியீட்டு மின்னழுத்தம் 1000 வோல்ட் வரை.

இப்போது கணக்கைப் பாருங்கள். பின்சக்கர இயக்க மாடல் 3-இன் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி மின்னூட்டத்தின்போது சுமார் 350 வோல்ட்டில் நிற்கும். அதை 200 ஆம்பியரால் பெருக்கினால் 70 கிலோவாட். அந்தக் கார் 170 கிலோவாட் வரை வாங்கும் திறனுள்ளது, கேபிள் விடவில்லை. ஐயோனிக் 5-இன் பேட்டரி 800 வோல்ட் வகுப்பைச் சேர்ந்தது. பெரிய பேட்டரி உள்ள 72.6 கிலோவாட்-மணி வகையில் பெயரளவு 653 வோல்ட். அதே 200 ஆம்பியரால் பெருக்கினால் 130 வருகிறது. ஆகவே சார்ஜரின் முழு 120-க்கும் அதனால் நெருங்க முடிகிறது. அட்டோ 3-இன் 60.48 கிலோவாட்-மணி பேட்டரி சுமார் 400 வோல்ட். 200 ஆம்பியரில் 80 கிலோவாட். காரின் சொந்த உச்சமும் ஏறக்குறைய அதுவேதான் என்பதால், அந்தக் காரை வைத்திருப்பவர் எந்தக் குறையையும் உணர மாட்டார். லாரி எத்தனை டன் ஏற்றக்கூடியதாக இருந்தாலும், தோட்டத்துப் பாலம் தாங்கும் எடைக்குத்தான் குலைகளை ஏற்றி அனுப்ப முடியும். இங்கே அந்தப் பாலம் கேபிள்.

இன்னொன்று: இரண்டாவது கன்னில் வேறொரு கார் வந்து இணைந்தால், இப்படிப்பட்ட சார்ஜர்கள் பெரும்பாலும் 120-ஐ 60, 60 என்று பிரித்துக்கொள்ளும். அப்போது டெஸ்லாவுக்குக் கொஞ்சம்தான் குறையும். ஐயோனிக் 5-க்குப் பாதியாகிவிடும்.

ஆகவே பட்டறைக்காரரிடம் சொல்லுங்கள்: எத்தனை கிலோவாட் என்று மட்டும் கேட்க வேண்டாம். ஒரு கன்னுக்கு எத்தனை ஆம்பியர், எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை, இரண்டு கார் நின்றால் எப்படிப் பிரியும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்க வேண்டும். நம் வட்டாரத்தில் அதிகம் ஓடுபவை 400 வோல்ட் கார்கள். அவற்றின் உரிமையாளருக்கு 200 ஆம்பியர் கேபிளோடு வரும் 180 கிலோவாட் சார்ஜரைவிட, 300 ஆம்பியர் கேபிளோடு வரும் 120 கிலோவாட் சார்ஜரே மேல்.

ஈப்போ_வடக்கு

விளக்கத்துக்கு நன்றி அண்ணே. ஆம்பியர் கணக்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனாலும் இது வேகம் பற்றிய விஷயமேயன்றி ஒத்துப்போவதா இல்லையா என்ற விஷயமல்ல என்பது என் கருத்து. எந்தக் காரும் மின்சாரம் கிடைக்காமல் திரும்பிப் போகவில்லையே.

செம்பனைச்சாலை

தம்பியின் கார் திரும்பித்தானே போகிறது. அதற்கான காரணம் இன்னும் வரவில்லை. கன்னைச் செருகியதும் பூட்டு விழும் சத்தம் கேட்கிறது. திரையில் இணைக்கிறது என்று வருகிறது. அரை நிமிடம் கழித்து விட்டுவிடுகிறது. அதே கார் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் உள்ள வேறு நிறுவனச் சார்ஜரில் முதல் முயற்சியிலேயே தொடங்குகிறது.

கோலகங்சார்_பொறியாளர்

வணக்கம். விரைவு சார்ஜர்களை நிறுவி, சோதித்து, ஒப்படைக்கும் பணியில் இருந்தவள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தம்பியின் காருக்கு நேர்வதைத்தான் ஒத்துப்போகாமை என்று சொல்ல வேண்டும். ஈப்போ நண்பர் இதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் மாற்றுமின்சாரத்தில் போடும் டைப் 2 பிளக் மின்னூட்டத்தில் காருக்கும் சுவர்ப் பெட்டிக்கும் இடையே பேச்சு மிகக் குறைவு. விரைவு மின்னூட்டம் அப்படியன்று. நேர்மின்சாரத்தை வெளியிலிருந்தே பேட்டரிக்குள் செலுத்துவதால், எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று கார் ஒவ்வொரு கணமும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சார்ஜர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சிசிஎஸ் முறையில் இந்தப் பேச்சு, பிளக்கில் உள்ள கட்டுப்பாட்டுக் கம்பி வழியாகவே மின்கம்பித் தகவல் தொடர்பு முறையில் நடக்கிறது. முதலில் கன் செருகப்பட்டது இரு பக்கமும் உறுதியாகிறது. பிறகு, பக்கத்துக் கன்னில் உள்ள காரோடு தவறிப் பேசிவிடாதபடி, எந்தக் கார் எந்தச் சார்ஜரோடு இணைந்திருக்கிறது என்பதைச் சமிக்ஞையின் வலிமையை அளந்து கண்டுபிடிக்கிறார்கள். அடுத்து எந்த மொழியில் பேசுவது என்ற முடிவு. பழைய சார்ஜர்கள் டின் 70121 என்ற ஜெர்மானிய வரையறையை மட்டும் அறிந்தவை. பிறகு வந்தவை 2014-இல் வெளியான ஐஎஸ்ஓ 15118-2-ஐயும் அறிந்தவை. 2022-இல் வெளியான ஐஎஸ்ஓ 15118-20-ஐ அறிந்தவை இன்னும் புதியவை. இரண்டு பக்கமும் பொதுவான ஒன்றைத் தேர்ந்துகொண்ட பின், கேபிளில் மின்கசிவு உண்டா என்ற காப்புச் சோதனை நடக்கும். அது தேறினால் சார்ஜர் தன் மின்னழுத்தத்தைப் பேட்டரியின் அளவுக்கு மிக நெருக்கமாகக் கொண்டுவரும். அதன் பிறகே கார் தன் உள்ளிணைப்பை மூடும். அதன் பிறகே மின்சாரம் ஓடும்.

இத்தனை படிகளில் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு நேரத்துக்குள் பதில் வர வேண்டும் என்ற வரம்பு உண்டு. ஒரு நிறுவனத்தின் கார் பதில் தரச் சற்றுத் தாமதித்து, சார்ஜரின் மென்பொருளும் வரையறையை மிக இறுக்கமாகப் படித்திருந்தால், இரண்டுமே தரத்துக்கு உட்பட்டவையாக இருந்தும் சேர்ந்து வேலை செய்யாது. இதற்காகவே சிசிஎஸ் முறையை முன்னெடுக்கும் சாரின் அமைப்பு, கார் நிறுவனங்களையும் சார்ஜர் நிறுவனங்களையும் ஒரே இடத்துக்கு அழைத்து, ஒவ்வொரு காரையும் ஒவ்வொரு சார்ஜரோடும் இணைத்துப் பார்க்கும் சோதனைக் கூட்டங்களை நடத்திவருகிறது. இது வெறும் வடிவப் பிரச்சினையாக இருந்திருந்தால் அப்படிப்பட்ட கூட்டங்களுக்கே தேவை இருந்திருக்காது.

தம்பியின் காருக்கு உடனே செய்து பார்க்கக்கூடியவை சில உண்டு. கேபிள் கனமானது, அதன் எடை கன்னைக் கீழ்நோக்கி இழுப்பதால் உள்ளே உள்ள சிறிய முனைகள் சரியாகத் தொடாமல் போகலாம். பூட்டு விழுந்து மின்சாரம் ஓடத் தொடங்கும்வரை கன்னை ஒரு கையால் தாங்கிப் பிடித்து, உள்நோக்கிச் சற்று அழுத்திக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். மாலை மழைக்குப் பிறகு மட்டும் இது நடந்தால், கன்னின் வாயில் ஈரம் நின்று காப்புச் சோதனையைத் தோற்கடிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கன்னை அதன் கூட்டில் சரியாக மாட்டாமல் தொங்கவிட்டுப் போகிறவர்களால் நேரும் கேடு இது. நம் வட்டாரத்து மழைக்கு இது சின்ன விஷயமல்ல. கன்னின் கீழ்ப்பகுதியில் இரண்டு பெரிய குழிகள் உண்டு. அவற்றில் செம்மண்ணும் இலைத் துணுக்கும் எறும்பும் சேர்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தால் நீங்களே குத்திச் சுத்தம் செய்ய வேண்டாம், நிறுவனத்தை அழையுங்கள்.

வெயில், மழை என்ற வேறுபாடே இல்லாமல் தோற்றால், அது மென்பொருள். தேதி, நேரம், கார் மாதிரி, திரையில் வந்த பிழை எண் ஆகிய நான்கையும் எழுதி, சார்ஜர் நிறுவனத்துக்கும் கார் விற்பனையாளருக்கும் ஒரே கடிதமாக அனுப்புங்கள். தனித்தனியாக அனுப்பினால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். ஓசிபிபி என்ற பொது நெறிமுறையில் இயங்கும் சார்ஜராக இருந்தால் அதன் மென்பொருளைத் தொலைவிலிருந்தே புதுப்பிக்க முடியும். இங்கே ஆள் வரத் தேவையில்லை.

செம்பனைச்சாலை

அக்கா, மிக்க நன்றி. தம்பியிடம் சொல்கிறேன். பட்டறைக்காரரின் ஒப்பந்தத்திலும் மென்பொருள் புதுப்பிப்பு யார் பொறுப்பு என்று எழுதச் சொல்கிறேன்.

தமிழ்ப்பள்ளி_ஆசிரியர்

அந்த லீஃப் காருக்குச் சொந்தக்காரன் நான்தான். என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

சாடெமோ என்ற முறையை 2010-இல் ஜப்பானிய நிறுவனங்கள் கூட்டாகத் தொடங்கின. உலகில் பரவலாக நடைமுறைக்கு வந்த முதல் விரைவு மின்னூட்ட முறைகளில் அது ஒன்று. லீஃப் அதை வைத்தே வந்தது. 2019-இல் இங்கே அறிமுகமான இரண்டாம் தலைமுறை லீஃபும் அப்படித்தான். இந்த முறையில் கார் பேசுவது வேறு வகைக் கம்பியில், வேறு மொழியில். ஆகவே வடிவத்தை மாற்றும் ஒரு துண்டைச் செருகினால் மட்டும் சிசிஎஸ்2 கன் என் காரோடு பேசிவிடாது. நடுவே மொழிபெயர்க்கும் மின்னணுச் சாதனம் வேண்டும். அப்படிப்பட்ட அடாப்டர்கள் இணையத்தில் விற்பனைக்கு உண்டு. நான் வாங்கவில்லை. நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் இடத்தில், கார் நிறுவனமும் ஏற்காத, சார்ஜர் நிறுவனமும் ஏற்காத ஒரு பெட்டியை வைத்து, நாளை ஏதாவது எரிந்தால் காப்புறுதி நிறுவனத்திடம் என்ன பதில் சொல்வது?

புதிதாகக் கார் தேடுகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜப்பானிலிருந்து வரும் ரீகொண்டிஷன் மின்சாரக் கார்கள் விலையில் கவர்ச்சியாக இருக்கும். அவை ஜப்பானியச் சந்தைக்காகச் செய்தவை, பெரும்பாலும் சாடெமோவோடுதான் வரும். ஐரோப்பிய நிறுவனக் காராக இருந்தாலும் இதே நிலைதான். ஜப்பானில் விற்கப்பட்ட போர்ஷே டைகான்கூடச் சாடெமோ வைத்தது. பெயர்ப்பலகையைப் பார்த்து முன்பணம் கட்டிவிடாமல், மூடியைத் திறந்து துவாரத்தைப் பாருங்கள்.

ஈப்போ_வடக்கு

ஆசிரியர் ஐயாவின் நிலை எனக்குப் புரிகிறது, வருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் புதிய சார்ஜரில் சாடெமோ கன் ஒன்றையும் வைக்க வேண்டும் என்று பட்டறைக்காரரிடம் கேட்பது நியாயமாக இருக்குமா? நிசானே தன் மூன்றாம் தலைமுறை லீஃபை ஐரோப்பாவுக்குச் சிசிஎஸ்2-உடன்தான் அனுப்புகிறது. இந்த ஊரில் அந்தக் கன் நாள் முழுக்கச் சும்மா தொங்கும். அதே பணத்தில் சிசிஎஸ்2 கேபிளின் ஆம்பியரைக் கூட்டினால் பல பேருக்குப் பயன்படும்.

தமிழ்ப்பள்ளி_ஆசிரியர்

நான் அதைக் கேட்கவில்லை தம்பி. நான் கேட்பது டைப் 2 மாற்றுமின்சார முனை ஒன்று. அதிகாரபூர்வமாக வந்த என் காருக்கு அது நேரடியாகப் பொருந்தும். ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களில் டைப் 1 துவாரம் இருந்தாலும், டைப் 2-இலிருந்து டைப் 1-க்குப் போகும் கேபிள் எளிமையானது. மாற்றுமின்சாரத்தில் பேச்சு மிகக் குறைவு என்று அக்கா சொன்னாரே, அதுவே காரணம். மாலையில் கோயிலிலோ கடைத்தெருவிலோ இரண்டு மணி நேரம் இருக்கிறவனுக்கு 7 கிலோவாட் ஓரளவு போதும். இதில் எல்லா நிறுவனக் காரும் அடங்கிவிடும்.

ஆலை_சார்ஜ்மேன்

ஆசிரியர் ஐயா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். விரைவு சார்ஜர் பழுதாகிக் கிடக்கும் நாளிலும் அந்த முனை வேலை செய்யும். செலவும் சிறிது.

ஈப்போ_வடக்கு

அப்படியானால் எனக்கும் மறுப்பு இல்லை. இன்னொரு யோசனை: டெஸ்லாவின் சொந்த விரைவு சார்ஜர்களான சூப்பர்சார்ஜர்கள் இப்போது மற்ற நிறுவனக் கார்களுக்கும் திறக்கப்படுகின்றனவே. அரசு டெஸ்லாவை இங்கே அனுமதித்தபோது, சூப்பர்சார்ஜர்களில் குறைந்தது 30 விழுக்காடு மற்றவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. ஈப்போ பக்கம் போகும்போது அவற்றை நம்பியிருக்கலாமா?

கோலகங்சார்_பொறியாளர்

400 வோல்ட் கார்களுக்கு நன்றாகவே வேலை செய்யும். நம் நாட்டில் அவையும் சிசிஎஸ்2 கன்தான். ஆனால் எந்த நிலையம் திறந்திருக்கிறது என்று டெஸ்லாவின் செயலியில் பார்த்துவிட்டுப் போக வேண்டும். 800 வோல்ட் கார்களுக்குக் கதை வேறு. மூன்றாம் தலைமுறை சூப்பர்சார்ஜரின் வெளியீடு 500 வோல்ட்டைத் தாண்டாது. ஐயோனிக் 5 தன் மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் கொண்டே அந்த அழுத்தத்தை உயர்த்திக்கொள்ளும். அதனால் மின்சாரம் கிடைக்கும், ஆனால் சுமார் 100 கிலோவாட்டுக்குள். 350 கிலோவாட் சார்ஜரில் 10 விழுக்காட்டிலிருந்து 80-க்கு 18 நிமிடத்தில் ஏறும் கார் அது. டைகானில் இதற்கென்று தனிச் சாதனம் உண்டு. முதலில் வந்த டைகான்களில் அடிப்படையாக 50 கிலோவாட், கூடுதல் பணம் கட்டி வாங்கியிருந்தால் 150. ஆகவே விலையுயர்ந்த சார்ஜரும் விலையுயர்ந்த காரும் சேர்ந்தால் வேகம் தானாக வரும் என்று நம்ப வேண்டாம்.

இதில் பணமும் இருக்கிறது. கட்டணம் கிலோவாட்-மணிக் கணக்கிலா, நிமிடக் கணக்கிலா என்று பாருங்கள். நிமிடக் கணக்கென்றால், கேபிளின் ஆம்பியர் போதாமல் மெதுவாக ஏறும் காருக்குச் சொந்தக்காரர் அதே மின்சாரத்துக்கு அதிகம் கட்டுகிறார். தவறு அவருடைய காரில் இல்லை. கிலோவாட்-மணிக் கணக்கே வேண்டும் என்று பட்டறைக்காரர் உறுதியாகக் கேட்க வேண்டும்.

செம்பனைச்சாலை

பட்டறைக்காரர் இந்த இழை முழுவதையும் படித்துவிட்டார். அவருடைய கவலை, இத்தனைக்கும் மின் இணைப்பு கிடைக்குமா என்பது. இன்னொன்றையும் கேட்டார்: நிறுவனம் கொடுத்த வரைபடத்தில் சார்ஜர் நிலத்தின் ஒரு மூலையில் இருக்கிறது, இரண்டு நிறுத்துமிடங்களும் அதன் இடப்பக்கம். இது சரியா?

ஆலை_சார்ஜ்மேன்

இணைப்பைப் பொறுத்தவரை, 120 கிலோவாட் சார்ஜர் மூன்று ஃபேஸ் 400 வோல்ட்டில் முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 180 ஆம்பியர் இழுக்கும். பட்டறையின் வெல்டிங் இயந்திரங்களோடு அதே இணைப்பில் போட முடியாது. தெனாகா நேஷனலிடம் தனி விண்ணப்பம் வேண்டும், பக்கத்துத் துணைமின்நிலையத்தில் மீதம் இருக்கிறதா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். பொது இடத்தில் வைக்கும் சார்ஜருக்கு எரிசக்தி ஆணையத்தின் விதிமுறைகளும் உண்டு. அவை நிறுவனத்தின் பொறுப்பு என்று எழுதி வாங்கட்டும்.

வரைபடத்தை மாற்றச் சொல்லுங்கள், ஐயா. டெஸ்லாவின் துவாரம் இடப்பக்கப் பின்புறத்தில். ஐயோனிக் 5-க்கு வலப்பக்கப் பின்புறத்தில். அட்டோ 3-க்கு வலப்பக்க முன்சக்கரத்துக்கு மேலே. ஆசிரியரின் லீஃபுக்கு மூக்கின் நடுவில். மூலையில் வைத்தால் இவற்றில் சில கார்கள் இரண்டு இடத்தை அடைத்துக் குறுக்காக நிற்க வேண்டிவரும். சார்ஜரை இரண்டு நிறுத்துமிடங்களுக்கும் நடுவே வைத்து, 5 மீட்டர் கேபிளும் அதைத் தாங்கித் தூக்கும் கையும் கேட்கட்டும். சக்கரம் முட்டும் கட்டையைச் சார்ஜரின் அடித்தளத்திலிருந்து தள்ளிப் போடச் சொல்லுங்கள். முன்னே நுழைந்தும் நிற்கலாம், பின்னே நுழைந்தும் நிற்கலாம் என்ற அளவுக்கு இடைவெளி இருந்தால் நான்கு வகைக் காருக்கும் கேபிள் எட்டும். சனிக்கிழமை பிற்பகல் நான் பட்டறைக்கு வருகிறேன். ஆசிரியர் ஐயாவும் உங்கள் மாமா மகனும் கார்களைக் கொண்டுவந்தால், காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்துவிடலாம்.